நகத்தின் மேல் வைத்த காசு

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு பாய்லர் நின்றுபோனது. வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது, உள்ளே மாமியார் இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் போர்வையும் சுற்றிக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நாலைந்து பேருக்குப் போன் போட்டதில் ஒருவர் வருகிறேன் என்றார். அறுபது வயதிருக்கும், பழைய வெள்ளை வேன், முழங்கால் தேய்ந்த பேன்ட். ஒன்றரை மணி நேரம் மண்டியிட்டு உட்கார்ந்து பம்ப்பை மாற்றினார், ரேடியேட்டர் ரேடியேட்டராகப் போய்க் காற்றை வெளியே விட்டார், எல்லாம் சூடானதும் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: நூற்றைம்பது பவுண்டு ஆகிறது, ஆனால் 'ஆன் தி நெயில்' கொடுத்தால் நூற்று நாற்பது போதும்.

நோட்டாகக் கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துப் பர்ஸைத் தேடினேன். அதில் முப்பது பவுண்டுதான் இருந்தது. ஏடிஎம் வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று கோட்டை மாட்டப் போனேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். "போன்லயே அனுப்புங்க, போதும். இப்பவே அனுப்புங்க, அதைத்தான் கேட்கிறேன்." அந்த வாரம் மட்டும் மூன்று வீட்டில் 'திங்கட்கிழமை அனுப்பிவிடுகிறேன்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம். அவர் எதிரிலேயே அனுப்பினேன். அவருடைய சட்டைப் பைக்குள் போன் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தார், தலையாட்டினார், ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

இந்தத் தொடரைப் பல வருடமாகத் தெரியும். மொழிபெயர்ப்புதான் எனக்குத் தொழில், இந்த மாதிரித் தொடர்களோடுதான் தினமும் மல்லுக்கட்டுகிறேன். இருந்தாலும் அந்த 'டிங்' சத்தத்தில்தான் அதன் பொருள் சரியாகப் பிடிபட்டது. 'கேஷ் ஆன் தி நெயில்' என்றால் ரொக்கம் என்று அகராதி பார்த்து எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். அதில் ரொக்கத்தைவிட 'இப்பவே' என்பதற்குத்தான் எடை அதிகம். வேலை முடிந்த இடத்திலேயே, பொருள் கைமாறின அந்த நிமிஷத்திலேயே, பாக்கி வைக்காமல். நோட்டா நாணயமா போனா என்பதெல்லாம் அப்புறம். 'கேஷ்' என்ற சொல்லே இல்லாமல், 'ஷி பேஸ் ஆன் தி நெயில்' என்று சொல்லலாம். அந்த அம்மா தவணை கேட்க மாட்டார், அன்றன்றைக்கே தீர்த்துவிடுவார் என்று பொருள். சரக்கு இறக்கினவரும் கூலி வாங்குபவரும் வீட்டுக்காரரும் சொல்லும் நற்சான்று அது.

சரி, நெயில் என்றால் என்ன? தமிழில் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் முதல் சொல்லிலேயே மாட்டிக்கொள்வோம். ஆங்கிலத்தில் சுவரில் அடிப்பதும் நெயில், விரலில் வளர்வதும் நெயில். நமக்கு அது ஆணி, இது நகம். ஆங்கிலேயர் இரண்டில் எது என்று முடிவு செய்யாமலே காலம் தள்ளலாம், தமிழில் எழுதுகிறவர் தப்பிக்க முடியாது, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

நான் இருக்கும் ஊரில் யாரைக் கேட்டாலும் ஆணி என்றுதான் சொல்வார்கள். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டவும் செய்வார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரின் நடுவே கார்ன் தெரு. அங்கே எக்ஸ்சேஞ்ச் என்ற பழைய வணிகக் கட்டடம், 1743-இல் திறந்தது, ஜான் வுட் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. உள்ளே நுழைந்தால் இன்றைக்கும் செயின்ட் நிக்கலஸ் சந்தை நடக்கிறது. அந்தக் கட்டடத்தின் வாசலில், நடைபாதையிலேயே, நான்கு வெண்கலக் கம்பங்கள் நிற்கின்றன. தலைப்பக்கம் அகன்ற பெரிய ஆணியைத் தலைகீழாக இல்லாமல் நிமிர்த்தி நட்டு வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. மேலே வட்டமான தட்டு, ஓரத்தில் விளிம்பு கொஞ்சம் எழும்பியிருக்கிறது, வைத்த நாணயம் உருண்டு கீழே விழாமலிருக்க. வியாபாரிகள் பேரம் பேசி முடித்ததும் பணத்தை இந்தத் தட்டில் எண்ணி வைப்பார்கள், அதனால்தான் 'ஆன் தி நெயில்' என்று பெயர் வந்தது என்பது ஊர்க் கதை. சுற்றுலா வழிகாட்டிகள் அதைத்தான் சொல்கிறார்கள்.

நான்கில் ஒன்றில் தேதி இல்லை, அதுதான் மூத்தது என்கிறார்கள். இன்னொன்று ராபர்ட் கிச்சன் என்ற வணிகர் ஊருக்குக் கொடுத்தது, அவர் இறந்தது 1594-இல். மற்ற இரண்டும் 1625, 1631. ஆக, நால்வரும் கட்டடத்தைவிட மூத்தவர்கள். முதலில் பக்கத்துத் தேவாலயத்தை ஒட்டிய ஒரு கூரைப்பந்தலின் கீழ் நின்றிருந்தன, 1771-இல்தான் இப்போதைய இடத்துக்கு வந்தன. இப்போது மதிய வேளையில் போனால் ஆபீஸ் ஆட்கள் அதன் மேல் காபிக் கோப்பையை வைத்துவிட்டுச் சாண்ட்விச் பிரித்துக்கொண்டிருப்பார்கள். விரலை வைத்துத் தடவிப் பாருங்கள், விளிம்பு சில இடங்களில் மழுங்கி, உள்ளங்கைக்கு இதமாக இருக்கும். எத்தனையோ நூறு வருடக் கைகள்.

அந்தக் கைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. 1698-க்கும் 1807-க்கும் இடையே பிரிஸ்டலிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் ஆப்பிரிக்காவுக்கு அடிமை வியாபாரத்துக்காகப் புறப்பட்டன. இந்தத் தெருவில் புழங்கிய பணத்தில் அந்தப் பணமும் உண்டு. கம்பத்தின் மேல் பைசா பாக்கியில்லாமல் எண்ணி வைத்த அதே ஆட்கள், யாருக்கு ஒரு காசும் தராமல் வேலை வாங்கினார்கள் என்பதும் இதே ஊரின் கணக்கில்தான் இருக்கிறது.

ஊர்க் கதைக்கு வருகிறேன். கதை அழகாக இருக்கிறது, தொட்டுப் பார்க்க வெண்கலமும் இருக்கிறது, ஆனால் அது தலைகீழ். கம்பத்தால் தொடருக்குப் பெயர் வரவில்லை, தொடரால்தான் கம்பத்துக்கு நெயில் என்ற பெயர் வந்திருக்க வேண்டும். அயர்லாந்தின் லிமெரிக் நகரிலும் இப்படி ஒரு நெயில் இருக்கிறது, அது 1685-ஐச் சேர்ந்தது. ஊருக்கு ஊர் இந்தக் கம்பங்களை ஒரே பெயரால் அழைத்திருக்கிறார்கள் என்றால், பெயர் முன்னாலேயே வாயில் புழங்கியிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

எனக்கு உறுதியாகத் தோன்றுவதற்குக் காரணம் பிரெஞ்சு. அந்த மொழியும் நம்மைப் போலத்தான், ஆணிக்கு ஒரு சொல், நகத்துக்கு வேறு சொல். ஆணி 'க்ளூ', நகம் 'ஓங்கிள்'. நார்மன்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த பழைய பிரெஞ்சில், பிரிஸ்டல் கம்பங்களுக்கெல்லாம் முன்பே, உடனே முழுசாகக் கொடுப்பதற்கு 'நகத்தின் மேல் கொடு' என்று சொல்லும் வழக்கு இருந்தது. அங்கே வருவது 'ஓங்கிள்' வகைச் சொல், அதாவது விரல் நகம், ஆணியாக இருக்கவே முடியாது. இன்றைய பிரெஞ்சிலும் 'ரூபி சுர் லோங்கிள்' என்று ஒரு தொடர் உண்டு. 'நகத்தின் மேல் மாணிக்கம்' என்பது நேர்ப்பொருள், பேச்சில் அதற்குக் கடைசிப் பைசா வரை உடனே தீர்ப்பது என்று பொருள். ஆங்கிலம் மறைத்து வைத்த விடையைப் பிரெஞ்சு தெளிவாகச் சொல்லிவிடுகிறது. ஒரு மொழி மூடி வைத்ததை இன்னொரு மொழி திறந்து காட்டும் இந்த இடங்களுக்காகத்தான் நான் இந்தத் தொழிலை விடாமல் செய்துகொண்டிருக்கிறேன்.

மாணிக்கம் எங்கே வந்தது என்றால், அது குடிக்கிற இடத்தில். கோப்பையை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, நிஜமாகவே காலிதான் என்று காட்டக் கட்டைவிரல் நகத்தின் மேல் கவிழ்ப்பார்கள். ஒரு துளி மட்டும் விழுந்து நகத்தின் மேல் உருண்டையாக நின்றால் சரி. சிவப்பு ஒயின் என்றால் அந்தத் துளி மாணிக்கக் கல் மாதிரி இருக்கும். தாமஸ் நாஷ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1592-லேயே இந்த வழக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். பிரான்சிலிருந்து புதிதாக வந்த பழக்கம் என்கிறார். துளி நிற்காமல் வழிந்து ஓடினால் கோப்பையில் மிச்சம் வைத்துவிட்டான் என்று அர்த்தம், தண்டனையாக இன்னொரு முறை குடிக்க வேண்டுமாம். அவரே நாலு வருடம் கழித்து, உடனே செய்து தருகிறேன் என்ற பொருளில் 'அபான் தி நெயில்' என்றும் எழுதினார். குடியிலிருந்து பணத்துக்கு வந்ததா, பணத்திலிருந்து குடிக்குப் போனதா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டிலும் விஷயம் ஒன்றுதான், மிச்சம் வைக்காதே.

இங்கேதான் தொடருக்குள் இரண்டு அறைகள் இருப்பது தெரிகிறது. ஒன்று 'உடனே'. இன்னொன்று 'முழுசாக'. பாதியை இப்போது கொடுத்துவிட்டு மீதியை அடுத்த வாரம் என்றால் அது நெயில் கணக்கில் சேராது, எவ்வளவு சீக்கிரம் கொடுத்தாலும்.

தமிழில் என்ன எழுதுவது என்று ஒரு தம்பி கேட்டிருந்தான், மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வந்திருக்கிறான். 'ரொக்கம்' என்று போட்டால் தப்பில்லை, ஆனால் அந்தச் சொல் கடனுக்கு எதிரானது என்பதோடு நின்றுவிடுகிறது. நம்மிடம் 'கைமேல் காசு' இருக்கிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், அவர்கள் நகத்தின் மேல் வைக்கிறார்கள், நாம் கையின் மேல் வைக்கிறோம். இரண்டு மொழியும் ஒன்றையொன்று பார்க்காமலே பணத்தை உடம்பில் அதே இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கின்றன. முழுசாக என்பதற்கு 'சுளையாக' என்று சேர்த்துக்கொள்ளலாம், 'பைசா பாக்கியில்லாமல்' என்றும் சொல்லலாம். கோபத்தில் சொல்கிற வசனமாக இருந்தால் 'முதல்ல காசை எண்ணி வை, அப்புறம் பேசு' என்பதுதான் சரி. அந்த 'எண்ணி வை'யில் கார்ன் தெருக் கம்பத்தின் தட்டும் கேட்கிறது. ஓட்டல் கல்லாவில் நடக்கிற காட்சி என்றால் 'கையில காசு வாயில தோசை'யை விட்டுவிட்டு வேறு எதைத் தேடுவது? ஒரே ஒரு இணைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் ஒட்டாதே, யார் யாரிடம் பேசுகிறார் என்று பார் என்று அவனுக்கு எழுதினேன். ஆணி என்று மட்டும் எழுதிவிடாதே என்பதையும் சேர்த்துத்தான்.

அவன் அடுத்ததாக ஒன்று கேட்டான், பலரும் கேட்பது. 'அக்கா, கேஷ் என்ற சொல்லே நம்ம காசுதானே?' இதை இணையத்தில் நாளைக்கு நாலு பேர் பகிர்கிறார்கள். பாதி உண்மை. அந்தப் பாதி நிஜமாகவே பெருமைப்பட வேண்டிய பாதி என்பதால் அதைச் சரியாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஆங்கிலத்தில் கேஷ் என்று எழுத்து ஒன்றாக, வேர் வேறாக இரண்டு சொற்கள் இருக்கின்றன. பணம் என்ற பொருளில் வரும் கேஷ், பிரெஞ்சு, இத்தாலிய வழியில் பெட்டி என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் கல்லாப்பெட்டிதான், முதலில் பெட்டியைக் குறித்து, பிறகு அதற்குள் இருப்பதைக் குறித்தது. 'கேஷ் ஆன் தி நெயில்' என்பதில் இருப்பது இந்தக் கேஷ். இன்னொரு கேஷ் ஆசியாவின் சின்ன நாணயங்களின் பெயர். அது போர்ச்சுக்கீசியர் வாய்வழியாக நம் காசிலிருந்து போனது. நடுவில் ஓட்டை போட்ட பழைய சீன நாணயத்தை ஆங்கிலத்தில் கேஷ் என்கிறார்களே, அது தமிழ்ச் சொல். சீனாவின் நாணயத்துக்கு ஆங்கிலத்தில் தமிழ்ப் பெயர்! இந்த உண்மை இருக்கும்போது இல்லாததை எதற்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும்?

என்னிடம் அப்படி ஒரு காசு இருக்கிறது. இங்கே ஒரு நாணயக் கண்காட்சியில் வாங்கினேன். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக 1808-இல் அடித்த செப்பு நாணயம். ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், இரண்டு சிங்கங்கள். மறு பக்கம் பாரசீக எழுத்து, அதற்குக் கீழே ரோம எண்ணில் இருபது, பக்கத்தில் 'கேஷ்'. இருபது காசு. அடித்தது சென்னையில் இல்லை, பர்மிங்காமில், மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச் சாலையில். இந்த நாணயங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே குட்வின் மணல்திட்டில் தட்டி மூழ்கிவிட்டது, நம் ஊர்ச் சந்தைக்கு வர வேண்டிய காசு இந்த ஊர்க் கடலடியில் கிடந்தது, பிற்காலத்தில் முக்குளிப்பவர்கள் வாரிக்கொண்டு வந்தார்கள். என்னுடையதும் அதில் வந்ததுதான், மேற்பரப்பு உப்பில் ஊறிக் கொஞ்சம் அரித்திருக்கிறது. அன்றைய கணக்கில் எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818-இல் ரூபாய்க் கணக்குக்கு மாறும்வரை இப்படித்தான் நடந்தது. 'பணம்' என்பதே ஒரு நாணயத்தின் பெயராக இருந்து, இன்று எல்லாப் பணத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

ஒரு நாள் அந்தக் காசைக் கார்ன் தெருவுக்குக் கொண்டுபோய், 1625 என்று பொறித்த கம்பத்தின் தட்டில் வைத்துப் பார்த்தேன். லேசாகச் சுண்டிவிட்டேன், சுற்றிக்கொண்டே ஓரத்துக்குப் போய் விளிம்பில் இடித்து நின்றது. விளிம்பு எதற்கு என்று படித்துத் தெரிந்துகொண்டதற்கும் கண்ணால் பார்த்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இந்தத் தொடரின் எதிர்ப்பக்கமும் தெரிந்தால்தான் பயன்படுத்துவது எளிது. 'ஆன் தி ஸ்லேட்' என்றால் பலகையில் எழுதி வைத்துக்கொள், பிறகு தருகிறேன் என்று பொருள். மதுக்கடைகளில் பாக்கியைச் சிலேட்டில் எழுதி வைத்த காலத்திலிருந்து வருவது, நம் மளிகைக்கடை நோட்டுப் போல. 'ஆன் டிக்' என்றாலும் கடன்தான். தவணையில் வாங்குவதற்கு 'நெவர் நெவர்' என்று ஒரு பெயர் இங்கே பழைய தலைமுறையிடம் உண்டு, முடியவே முடியாத தவணை. அமெரிக்கர்கள் பெரும்பாலும் நெயில் என்று சொல்வதில்லை, 'ஆன் தி பேரல்ஹெட்' என்பார்கள், பீப்பாயின் மூடி மேல் காசை வை என்பது. 'ஹிட் தி நெயில் ஆன் தி ஹெட்' என்பதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது சரியான இடத்தில் அடித்தாற்போலச் சொல்வது, அங்கே இருப்பது நிஜமாகவே ஆணி. 'பே த்ரூ தி நோஸ்' என்பதும் வேறு, அநியாய விலை கொடுப்பது. அப்புறம், இது பேச்சுத் தொடர், ஒப்பந்தத்தில் எழுத மாட்டார்கள். இளைஞர்களிடம் குறைந்துவிட்டது, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட கைத்தொழில்காரர்களிடம்தான் இன்னும் உயிரோடு கேட்கிறேன்.

அவர்களிடம் ஏன் உயிரோடு இருக்கிறது என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. போன வருடம் ஒரு நிறுவனத்துக்கு நாற்பது பக்க மருத்துவக் கையேட்டைத் தமிழில் செய்து கொடுத்தேன். 620 பவுண்டு. அவசரம் என்றார்கள், இரண்டு ராத்திரி தூங்காமல் உட்கார்ந்து முடித்தேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுப்பினேன், பத்து நிமிடத்தில் 'அருமை' என்று பதில் வந்தது. பணம் முப்பது நாளில் என்று பேச்சு. முப்பது போய் நாற்பது ஆனது, கணக்குப் பிரிவில் ஆள் மாறிவிட்டார் என்றார்கள், ஐம்பதில் அமைப்பு மாறுகிறது என்றார்கள், அறுபதில் பதிலே இல்லை. அந்த மாதம் ஊரில் அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை, நான் வேறொருவரிடம் கைமாற்று வாங்கி அனுப்பினேன். என் வேலைக்கான பணம் அவர்கள் கணக்கில் இருக்கிறது, நான் இன்னொருவர் வீட்டு வாசலில் நிற்கிறேன். தாமதமாகக் கொடுப்பவர் நம்மிடம் வட்டியில்லாக் கடன் வாங்கியிருக்கிறார், கேட்காமலேயே. இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை, அந்த வாசலில் நின்றபோதே உறைத்தது.

அப்போதுதான் படித்தேன், இந்த நாட்டில் 1998-இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்திருக்கிறது. தொழில் செய்கிறவர் இன்னொரு தொழிலுக்குச் செய்த வேலைக்குப் பணம் தாமதமானால், இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டிக்கு மேல் 8 சதவீதம் வட்டி கேட்கலாம். அதோடு ஆயிரம் பவுண்டுக்குக் கீழான பாக்கிக்கு 40 பவுண்டு நிலையான இழப்பீடும் உண்டு. தனியாளாக வேலை செய்கிற என்னைப் போன்றவர்களுக்கும் பொருந்தும். எழுபத்தோராம் நாள், வட்டியும் இழப்பீடும் கணக்குப் போட்டு, சட்டத்தின் பெயரையும் குறிப்பிட்டுப் புதிய பில் அனுப்பினேன். கோபமாக ஒரு வரிகூட எழுதவில்லை. மூன்றாம் நாள் முழுத்தொகையும் வந்துவிட்டது, வட்டியோடு, இழப்பீட்டோடு.

பாய்லர்காரர் மார்ச்சில் ஒருமுறை மறுபடி வந்தார், வருடாந்திரச் சோதனைக்கு. மாமியார் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார், தட்டில் இரண்டு முறுக்கும் வைத்தார். அவர் பெட்டியை மூடிக்கொண்டிருக்கும்போதே நான் போனை எடுத்துவிட்டேன். அவர் எழுந்து நிற்பதற்குள் சட்டைப் பைக்குள் 'டிங்'. வேனில் ஏறப்போனவர் திரும்பி, கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டினார். நகத்தின் ஓரத்தில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது.